அவள் சாப்பிட்ட நேரம்

மார்ச் 4, செவ்வாய். காஞ்சிபுரம், டயாலிசிஸ் மையம். காலை ஏழு முதல் பதினொன்று வரை. இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகுதி. அதைக் கட்டுப்படுத்தும் கால்சியம் மாத்திரை வேளைக்கு ஒன்று என்பது இரண்டாக உயர்த்தப்பட்டது. தயிர் நிறுத்தம்.

மார்ச் 20, வியாழன். சென்னை. சிறுநீரகம் தர நான் தகுதியுடையவன் என்று மருத்துவர்கள் தெரிவித்தனர்.

ஏப்ரல் 8, செவ்வாய். காஞ்சிபுரம், மையம். தமனிகளின் விறைப்பு அல்ட்ராசவுண்ட் மூலம் அளக்கப்பட்டது. நாடி அலையின் வேகம் நொடிக்குப் பதினான்கு மீட்டர்.

ஏப்ரல் 11, வெள்ளி. சென்னை. இடுப்புத் தமனிகளுக்கு சி.டி. ஸ்கேன்.

ஏப்ரல் 19, சனி. மையம். மாற்று அறுவை சிகிச்சை செய்ய இயலாது என்று தெரிவிக்கப்பட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய். உத்திரமேரூர், வீடு. காலை 5.40. இறப்பு.

மேலே உள்ளவை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவனின் குறிப்பேடு அது. அதில் அளவுகள் உண்டு, அபிப்பிராயங்கள் இல்லை. என் மனைவியின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன என்று தெரிந்த நாள் முதல் அவள் இறந்த நாள் வரை, காலை எடை, குடித்த நீர், இரத்த அழுத்தம், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை நாள்தோறும் எழுதினேன். இரண்டரை ஆண்டுகளில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டிய ஒன்றுக்கு அந்த அட்டவணையில் நான் ஒரு பத்தியே வரைந்திருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பத்தியைப் பற்றியது.

வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் விடியற்காலைப் பேருந்தில் காஞ்சிபுரம் போவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை; ஆகவே துணைக்கு எப்போதும் நான்தான். புறப்படும் முன் அவளுடைய இடது மணிக்கட்டின் மேல் என் இரு விரல்களை வைத்துப் பார்ப்பேன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அங்கே ஒரு தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருந்தார்கள். இணைப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், தோலுக்கடியில் ஓயாமல் ஓடும் ஓர் அதிர்வு. மூடிய பெட்டிக்குள் வண்டு சுற்றுவது போல் இருக்கும். அதையும் எழுதிக்கொள்வேன்: அதிர்வு உண்டு.

மையத்தில் அவளுக்கு அடுத்த படுக்கை காவாந்தண்டலத்துப் பெண் ஒருத்தியுடையது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். எங்களுக்கு ஓராண்டு முன்பே இந்த இயந்திரத்தோடு கட்டுண்டவள். என் குறிப்பேட்டைக் கண்டாலே அவளுக்கு வாய் துறுதுறுக்கும்.

“இன்னா வாத்தியாரே, அக்கா தும்முனாக்கூட எய்திக்கினு கீறியே! எமன் வந்தா மொதல்ல இந்த நோட்டைத்தான் கேப்பான் போல.”

“எமனையே உக்காரவெச்சிப் பாடம் எடுப்பாரு அவுரு” என்பாள் என் மனைவி. “பாவம், அவன் தூங்கிடுவான். அந்த நேரத்துல நாம ரெண்டு பேரும் ஓடிடலாம்.”

“ஓடலாம் அக்கா. இந்த டியூபை யாரு தூக்கிக்கினு வர்றது?”

இருவரும் சிரிப்பார்கள். சிரித்தால் இரத்த அழுத்தக் கணக்கு மாறும் என்று நான் ஒருமுறை சொன்னதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பெண் எட்டரை மணிக்குத் தன் டப்பாவைத் திறந்து இட்லி தின்பாள். என் மனைவிக்கு அங்கே எதைச் சாப்பிட்டாலும் குமட்டும். வீடு திரும்பித்தான் சாப்பாடு. ஒருநாள் அந்தப் பெண் இரண்டு வாய் இட்லிக்கு நடுவே அந்த வெள்ளை மாத்திரையைக் கடித்து, அப்பளம் போல் மென்று தின்பதைப் பார்த்தேன். எனக்கு அது ஒழுங்கற்ற செயலாகப் பட்டது. மருந்து என்றால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, தண்ணீரில் விழுங்குவது என்ற பழக்கத்தில் வளர்ந்தவன் நான்.

“ஏம்மா, சாப்பிட்டு முடிச்சிட்டு ஒழுங்கா தண்ணியில முழுங்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“சோத்துக்கு நடுவுல, சோத்தோட சோறா கடிச்சித் தின்னுன்னு அந்த நர்ஸம்மா சொல்லிச்சி. நான் கைநாட்டு. சொன்னதை அப்பிடியே செய்யறவ. நீ படிச்சவரு, உனுக்கு வேற மாதிரி சொல்லியிருப்பாங்க.”

எனக்கும் வேறு மாதிரி சொல்லவில்லை. ‘உணவுடன்’ என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். அதன்படியே நடப்பதாக நம்பினேன்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. மதியம் பன்னிரண்டரைக்கு நான் மேசையில் உட்காருவேன். அவள் பரிமாறுவாள். என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் அவளுடைய மாத்திரைகள் இருக்கும். அளந்த தண்ணீர் ஒரு டம்ளரில் இருக்கும். சாதம் போட்டதும், “மாத்திரை” என்பேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, என் கண் எதிரிலேயே விழுங்கிவிட்டு, மீண்டும் கரண்டியை எடுத்துக்கொள்வாள். நான் குறிப்பேட்டில் ஒரு கோடு போடுவேன். காலையிலும் இரவிலும் அப்படியே. நான் எழுந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. முப்பத்தேழு ஆண்டுகளாகத் தெரியும். நான் சாப்பிட்டு முடித்தபின் அவள் சாப்பிடுவாள். இந்தச் செய்தியும் மாத்திரைச் சீட்டும் என் தலைக்குள்ளேயே இருந்தன. ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்பரஸ் குறையவில்லை. மையத்தின் உணவு ஆலோசகர் வந்து, “மாத்திரை சாப்பாட்டோட போடறாங்களா?” என்று கேட்டபோது, “ஆமாம், ஒரு வேளையும் தவறியதில்லை” என்று நான் பதில் சொன்னேன். நோயாளி ஓர் அடி தள்ளிப் படுத்திருந்தாள். அப்படியானால் உணவில்தான் கோளாறு என்று முடிவாயிற்று. முதலில் காப்பியில் பால் போயிற்று. மார்ச் நான்காம் தேதி தயிரும் போயிற்று. தயிர்சாதம் இல்லாமல் அவள் சாப்பாட்டை முடித்ததாக எனக்கு நினைவில்லை. அன்று பேருந்தில், “மோர்கூட வேணாமா?” என்று ஒருமுறை கேட்டாள். கூடாது என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மார்ச் இருபதாம் தேதி, டயாலிசிஸ் முடிந்து சென்னைக்குப் போனபோது, என் சிறுநீரகங்களில் ஒன்றை அவளுக்கு வைக்கலாம் என்று சொன்னார்கள். எனக்கு அறுபத்து நான்கு வயது. உடம்பில் குறை எதுவும் இல்லை. அவள்தான் நெடுநாள் சம்மதிக்காமல் இருந்தாள்.

“நல்லா கீற ஒடம்புல கத்தி வெச்சி, எனுக்கு இன்னாத்துக்கு?”

“எனக்கு ஒண்ணு போதும்.”

“போதும்னு நீங்க சொல்றீங்க. கடவுள் ரெண்டு குடுத்துக்கீறான். அவனுக்குக் கணக்குத் தெரியாதா?”

ஆனால் அன்று ஊர் திரும்பும் வழியில் திருப்புலிவனம் கோபுரம் தெரிந்ததும், வழக்கம்போல் உட்கார்ந்தபடியே கும்பிட்டுவிட்டு, “ஆபரேஷன் ஆச்சின்னா தண்ணி எவ்ளோ வேணா குடிக்கலாமாமே?” என்றாள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளந்து குடித்துக்கொண்டிருந்தவள். குடிக்கலாம் என்றேன். “ஒரு சொம்பு. அப்பிடியே அண்ணாந்து” என்றாள். அவள் சம்மதம் சொன்னது அப்படித்தான்.

அறுவைக்கு முன் தமனிகளைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். புதிய சிறுநீரகத்தை இடுப்பிலுள்ள தமனியில்தான் தைப்பார்கள். அந்தச் சுவர் ஊசி ஏறும்படி இளகியதாக இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தக்குழாய்ச் சுவர்களில் கால்சியம் படிந்து விறைத்துப்போவது உண்டு. ஏப்ரல் எட்டாம் தேதி இளம் மருத்துவர் ஒருவர் சக்கரம் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியோடு மையத்துக்கு வந்தார். படுக்கை படுக்கையாக எல்லோருக்கும் பார்ப்பதாகத் திட்டம்.

“வயித்துல கொயந்த கீதான்னு பாக்கற மிஷினாச்சே இது!” என்றாள் காவாந்தண்டலத்தாள். “எனுக்கு இன்னாத்துக்குத் தாயி? இனிமே ஒண்ணு பொறந்தா, என் பேரனுக்கு இடுப்புல வெச்சிக்கச் சித்தப்பன் வந்துடுவான்.”

மருத்துவர் சிரித்துக்கொண்டே, அவளைப் பிறகு பார்ப்பதாகச் சொல்லி, என் மனைவியின் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்தார். துணை என்ற முறையில் நான் உள்ளே நின்றேன். கழுத்திலிருந்து தொடையின் மேற்பகுதி வரை தையல்காரர் நாடாவால் தூரத்தை அளந்தார்.

“ஜாக்கெட்டா, பாவாடையா?” என்றாள் என் மனைவி.

முறை எளியது. இதயம் துடிக்கும்போது எழும் அலை கழுத்துக்கு எப்போது வருகிறது, தொடைக்கு எப்போது வருகிறது என்று கருவி காட்டும். அந்த நேர வேறுபாட்டால் தூரத்தை வகுத்தால் அலையின் வேகம். சுவர் விறைக்க விறைக்க அலை விரைந்து ஓடும். இதை நான் மருத்துவம் தெரியாமலே ஆண்டுதோறும் சொல்லித்தந்திருக்கிறேன்: மாணவர்களை ஜன்னல் கம்பியின் ஒரு முனையில் காதை வைக்கச் சொல்லி, மறுமுனையில் சாவியால் தட்டுவேன். காற்றில் வரும் முன் கம்பியில் வந்துவிடும்.

திரையில் கழுத்துத் தமனி தெரிந்தது. கருமையான ஒரு பாதை, இருபுறமும் சுவர். சுவரில் சில இடங்கள் பளிச்சென்று வெளுத்திருந்தன. அவற்றின் பின்னால் நிழல் போன்ற கரும்பட்டைகள். ஒலி அங்கே உள்ளே போகாமல் திரும்பி வருகிறது என்று பொருள். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையை என் மனைவி வாரந்தோறும் சுரண்டுவாள். அதே வெள்ளை என்று நினைத்தேன்.

மருத்துவர் எண்ணைப் பார்த்தார். “பதினாலு” என்றார், என்னிடம். “பத்துக்குள்ள இருந்தா நல்லாருக்கும் சார். அலை ரொம்ப வேகமாப் போகுது.”

“வேகமாப் போவுதா?” என்றாள் என் மனைவி, தலையைத் திருப்பாமல். “அப்ப நல்லதுதானே டாக்டரம்மா? என் ஒடம்புல வேற இன்னா வேகமாப் போவுது?”

மருத்துவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். கருவியை மீண்டும் கழுத்தில் வைத்து, “பாஸ்பரஸுக்குக் குடுத்த மாத்திரை எப்பம்மா போடறீங்க? சாப்பாட்டோடதானே?” என்றார்.

“ஆமாம், சாப்பாட்டோட…” என்று நான் தொடங்கினேன்.

“அம்மா சொல்லட்டும் சார்.”

“சாப்பாட்டோடதாம்மா” என்றாள் அவள். “அவுரு சாப்புட உக்காந்தவொடனே எடுத்துக் குடுத்துடுவாரு. ஒரு நாளு மறந்ததில்ல.”

“சரி. நீங்க எப்ப சாப்பிடுவீங்க?”

“நானா? அவுரு சாப்ட்டு எய்ந்து, பாத்திரம்லாம் கெயுவி, துணி கீதுன்னா அலசிப் போட்டு… ரெண்டு, ரெண்டரை ஆவும். எனுக்கு எங்க பசிக்குது?”

கருவி அவள் கழுத்திலேயே நின்றது. அவள் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னேனா என்று உறுதி செய்துகொள்வது போல் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

வெளியே நடையில் மருத்துவர் எனக்கு விளக்கினார். அந்த மாத்திரை, இரைப்பையில் சோறு இருக்கும்போது போனால், சோற்றிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். வெறும் வயிற்றில் போனால் பிடிக்க ஒன்றும் இல்லை. மாத்திரையிலுள்ள கால்சியம் கூடுதலாக இரத்தத்தில் சேரும். இரண்டு மணி நேரம் கழித்து வரும் சோற்றின் பாஸ்பரஸும் தடையின்றிச் சேரும். இரண்டும் இரத்தத்தில் கூடினால் போய்ப் படியும் இடங்களில் ஒன்று குழாய்ச் சுவர்.

“மாத்திரையை இரண்டாக உயர்த்தியது…” என்றேன்.

“ஆமா சார்.”

“இந்த விறைப்பில் இதன் பங்கு எவ்வளவு?”

“அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது சார். கிட்னி ஃபெய்லியர், சுகர், வயசு எல்லாம் சேர்ந்துதான். இதனாலதான்னு நினைச்சுக்காதீங்க.”

அவர் உண்மையைத்தான் சொன்னார், இரக்கத்தோடும் சொன்னார். ஆனால் ஓர் அளவைப் பிரித்துச் சொல்ல முடியாதபோது அது பூச்சியம் என்றும் சொல்ல முடியாது. இதையும் நான் வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறேன்.

சி.டி. ஸ்கேனில் இடுப்புத் தமனிகள் இரண்டு பக்கமும் வெளுத்திருந்தன. தைக்க இடமில்லை என்று சென்னை மருத்துவர்கள் எழுதி அனுப்பினார்கள். பத்தொன்பதாம் தேதி மையத்தில் அதை எங்களுக்குச் சொன்னபோது அவள், “போனாப் போவுது. உங்க ஒடம்பு தப்பிச்சிது” என்றாள். சொம்புத் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. காவாந்தண்டலத்தாளுக்குக் குழாய்கள் ஓரளவு நன்றாகவே இருந்தன. சிறுநீரகம் தரத்தான் ஆள் இல்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது:

“பாத்தியா அக்கா, எனுக்கு வெக்க எடம் கீது, குடுக்க ஆளில்ல. உனுக்கு ஆளு கீது, எடமில்ல. மேல கீற அந்தாளு எப்பிடிப் பங்கு போட்டுக்கீறான் பாரு.”

என் மனைவி சிரித்தாள். நான் எடையை எழுதினேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி முதலே மேசையில் இரண்டு தட்டுகள் வைக்கச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவளுக்கு அது பெரும் சங்கடமாக இருந்தது. நாற்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்திருக்கப் போகிறவள் போல் உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்துட்டா ரசம் யாரு ஊத்தறது?”

“நான் ஊத்தறேன்.”

ஊற்றினேன். பாதி மேசையில் போயிற்று. “முப்பத்தேழு வருசம் கயிச்சி இன்னா ஆசை இது!” என்றாள். அவள் முகத்தில் இருந்தது கூச்சம் என்று நான் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. மூன்று வாய் சாப்பிட்டதும், “இப்போ மாத்திரை. கடிச்சுத் தின்னு” என்றேன். கடித்தாள். சுண்ணாம்பு மாதிரி கீது என்றாள்.

சில வாரங்களில் பழகிவிட்டாள். மையத்தில் ஒருநாள் அடுத்த படுக்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உறங்குவதாக நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

“இப்பல்லாம் நான் உக்காராம அவுரு கை வெக்கறதில்ல. நானு கரண்டியத் தொட்டாக்கூடக் கோவம் வருது.”

“அடி சக்கை! கெய்வனுக்கு இப்பத்தான் கல்யாணமே ஆயிருக்குது.”

“சும்மா இரு. கேட்டுடப் போறாரு.”

அன்று திரும்பும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். திருப்புலிவனத்தில் அவள் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். மாத்திரை விஷயத்தில் ஒரு தவறு நடந்தது என்று தொடங்க வேண்டும். தவறு என்னுடையது என்று முடிக்க வேண்டும். இரண்டு வாக்கியம்.

“இன்னா?” என்றாள். “இன்னாத்தையோ சொல்ல வந்து முய்ங்கறீங்க.”

“ஒண்ணுமில்ல.”

“பசிக்குதா? வூட்டுக்குப் போனவொடனே உக்காந்துடலாம், ரெண்டு பேரும்.”

அதற்குப் பிறகு நான் முயலவில்லை. சொன்னால் என் சுமை குறையும். அவளிடம் புதிதாக வந்திருந்த ஒன்று போய்விடும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று இப்போது எழுத முடியும். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஜூலையில் பாஸ்பரஸ் குறைந்தது. மாத்திரையை மீண்டும் ஒன்றாக்கினார்கள். நாளுக்கு இரண்டு கரண்டி தயிர் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் அதைச் சாதத்தில் பிசையாமல் தனியாக வைத்துக்கொண்டு, கடைசியில் சிறிது சிறிதாகச் சாப்பிட்டாள். சுவரில் ஏற்கெனவே படிந்தது கரையாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். விறைத்த குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் தடித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். செப்டம்பரில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள்.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் இடையிலுள்ள இடைவெளிதான் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வாரத்தில் மிக நீண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறது என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரல்களை வைத்தேன். அதிர்வு இருந்தது. என் தோளில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸுக்கு மற்றொரு கையால் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது விரல்களுக்கடியில் அதிர்வு விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவில்லை. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. ஐந்து நாற்பது. எழுதினேன்.

செய்யாமல் இருப்பவை:

மீதியுள்ள மாத்திரை அட்டைகள் நான்கை மையத்தில் ஒப்படைப்பது.

காவாந்தண்டலத்துப் பெண்ணிடம், அவள் மாத்திரையைத் தின்ற முறைதான் சரி என்று சொல்வது.

மையத்தில் ஒட்டுவதற்கு ஒரு தாள்: ‘மாத்திரை எப்போது என்று கேட்டபின், நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவும். நோயாளியிடம் கேட்கவும்.’ எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை.

காலை முறையில் வரும் பெண்கள் இன்னும் ஐந்து பேர். அவர்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கவில்லை.

மேசையிலிருந்து ஒரு தட்டை எடுப்பது.

குறிப்பேட்டில் ஒரு பத்தி சேர்ப்பது: அவள் சாப்பிட்ட நேரம். ஏப்ரல் ஒன்பது முதல் நிரப்பிவிடலாம். அதற்கு முந்தைய பக்கங்களில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.